ஜாமீனுக்குப் பாடிய பாட்டு

சாவு வீட்டில் பொய் சொன்னால் பாவமில்லை. எங்கள் தொழிலில் யாரும் சொல்லித் தராமலே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. நான் கானா பாடுகிறவன். காலையில் காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் மிஷினில் வேலை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தச் சந்தில் சாவு விழுந்தாலும் அன்றைக்குப் பாட்டு வேலை. போனதும் செத்தவர் பேர், பிள்ளைகள் பேர், என்ன தொழில் என்று கேட்டுக்கொள்வோம். பிறகு அவரை ஏத்திப் பாட வேண்டும். இருந்த ஆளை இல்லாத உயரத்துக்குத் தூக்கி வைப்பதற்குப் பெயர்தான் ஏத்திப் பாடுவது. பெண்டாட்டியைப் போட்டு அடித்தவன் பாட்டில் குணசீலன் ஆவான். படகில் ஏறினாலே வாந்தி எடுத்தவன் புயலுக்கு நடுவே வலை போட்டவன் ஆவான். போலீஸ் விசில் கேட்டால் சுவர் ஏறிக் குதித்து ஓடிய ஒருத்தனை, காக்கிச் சட்டையே கண்டு நடுங்கிய சிங்கம் என்று நானே பாடியிருக்கிறேன். அவன் மச்சான் அழுதுகொண்டே வந்து என் சட்டையில் நோட்டைக் குத்தினான். யாருக்கும் நஷ்டமில்லை. செத்தவனை எவனும் பிடித்துக்கொண்டு போய் உள்ளே வைக்க முடியாது.

உயிரோடு இருக்கிற ஒருத்தனை நான் அப்படி ஏத்திப் பாடினேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதும்போதே வாயெல்லாம் கசக்கிறது.

அவன் எனக்கு டோலக் வாசிக்கிறவன். எர்ணாவூர் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வீடு, துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டில் கூலி வேலை. அவன் பெண்டாட்டி இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போகிறாள். இவனைப் போல ஒரு வாயில்லாப் பூச்சியை நான் பார்த்ததில்லை. தண்ணீர் லாரி வந்தால் அவன் குடம்தான் கடைசியில் நிற்கும். ஷேர் ஆட்டோக்காரன் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தால், இறங்கி வந்து எங்களிடம் சொல்வானே தவிர அவனிடம் கேட்க மாட்டான். காலை மிதித்தவனிடமே ஸாரி சொல்கிற ஜாதி. அதற்காக நாங்கள் அவனைப் போட்டு ஓட்டாத நாள் கிடையாது. டோலக்கை மடியில் வைத்தால் மட்டும் வேறு ஆள். நான் பாட்டில் தடுமாறினால் அவன் கை என்னைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். எத்தனையோ தடவை பிடித்திருக்கிறது.

போன வருஷம் வள்ளூர்ப் பக்கம் ஒரு சாவுக்குப் போயிருந்தோம். காலையில் பாட்டு வேலை முடிந்ததும், ஐஸ் மிஷினுக்கு நேரமாகிவிட்டதென்று நான் பைக்கில் முன்னால் வந்துவிட்டேன். அவன் டோலக்கோடு பஸ் பிடித்தான். அன்றைக்கு எண்ணூர்ப் பக்கம் குப்பத்து ஜனங்கள் ரோட்டை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ ஒரு கம்பெனியின் கழிவு ஆற்றில் கலந்து மீனெல்லாம் செத்து மிதக்கிறது, கேட்க நாதியில்லை என்று போராட்டம். பஸ் நின்றுவிட்டது. இவன் இறங்கி நடந்தான். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்திலிருந்து யாரோ கல் விட்டிருக்கிறார்கள். போலீஸ் ஜீப்பின் கண்ணாடி உடைந்தது, ஒரு காவலருக்கு நெற்றியில் அடி. லத்தி சுழன்றதும் ஜனங்கள் சிதறி ஓடினார்கள்.

இவன் ஓடவில்லை. டோலக்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பூட்டிய கடை வாசலில் ஒதுங்கி நின்றான். புதுத் தோல் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, கூட்டத்தில் கிழிந்துவிடும் என்ற பயம். ஓடுகிற இருபது பேரைத் துரத்துவதைவிட நிற்கிற ஒருத்தனைப் பிடிப்பது சுலபம் அல்லவா. பிடித்தார்கள். கேஸில் இவன்தான் முதல் குற்றவாளி. கல் எறிந்தது, அரசு வாகனத்தைச் சேதம் செய்தது, கொலை முயற்சி.

நாங்கள் நாலு பேர் ஸ்டேஷனுக்குப் போனோம். டோலக் பிடித்திருந்த ஆள் எந்தக் கையால் கல் எறிந்திருப்பான் என்று நான் கேட்டேன். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு தலையைத் தூக்கவே இல்லை.

"டோலக்கா? அப்படி ஒரு பொருளே இங்க வரலையேப்பா."

வரவில்லையாம். வெற்றுக் கையோடு நின்றான் என்றால்தானே அந்தக் கையில் கல்லை வைக்க முடியும். அந்த டோலக் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

வண்ணாரப்பேட்டையில் ஒரு வக்கீலம்மா. வயது முப்பதுக்குள்தான் இருக்கும். அவருடைய அப்பா சாவுக்கு நாங்கள் பாடியிருந்தோம், அந்தப் பழக்கம். ஃபீஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் ஜீப்புக்கு ஆன சேதத்தைக் கோர்ட்டில் கட்டினால்தான் ஜாமீன் கிடைக்கும் என்றார். உடைக்காத கண்ணாடிக்குக் காசு கட்ட வேண்டும், அடிக்காத அடிக்கு வைத்தியச் செலவும் கட்ட வேண்டும். தொகையைக் கேட்டதும் அவன் பெண்டாட்டி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் வக்கீலம்மா எங்களைப் பார்த்து நிதானமாகச் சொன்னதுதான் முக்கியம்.

"இன்னும் ரெண்டு வாரத்துல ஜாமீன் மனு வருது. அதுக்குள்ள இவர் மேல குண்டாஸ் போட முடியுமான்னு பாத்துட்டிருக்காங்க. போட்டுட்டா ஒரு வருஷத்துக்கு ஜாமீன் பேச்சே கிடையாது. இவர் மேல பழைய கேஸ் ஒண்ணும் இல்ல, அதுதான் நம்ம பலம். சாதுவான ஆளுன்னு நான் கோர்ட்ல சொல்லணும். அதனால காசு வசூல் பண்ணுங்க, வேண்டாங்கல. ஆனா கேஸ் பத்தி மேடையில ஒரு வார்த்தை வரக் கூடாது. புரியுதாண்ணே?"

புரிந்தது என்று முதலில் தலையாட்டியது நான். திருவொற்றியூரில் டீக்கடையில் பாட்டுக்காரர்களையெல்லாம் கூட்டிவைத்து இதை எடுத்துச் சொன்னதும் நான்தான். காதல் பாட்டு, அம்மா பாட்டு, கடல் பாட்டு, இதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்காத குறை. எல்லோரும் சரி மாமு, சரி மாமு என்றார்கள். ராயபுரத்தில் ஒரு சின்ன ஹாலை வாடகைக்குப் பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குக் கச்சேரி, வாசலில் உண்டியல், வருகிறவர்கள் போடுவதைப் போடட்டும் என்று ஏற்பாடு.

தோஸ்துக்காக எல்லோரும் ஒன்று சேர்ந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். சேர்ந்தவர்களின் லட்சணத்தைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய மனுஷன் இருக்கிறார். குப்பை லாரி கான்ட்ராக்ட். எந்தக் கட்சி ஜெயிக்கிறதோ அந்தக் கரை வேட்டி. ஹால் வாடகையைத் தான் தருவதாகச் சொன்னார், பதிலுக்கு மேடையில் நடு நாற்காலி கேட்டார். கொடுத்தோம். அந்த வாடகையையும் அவர் தன் லாரி டிரைவர்களிடம் பிடித்துத்தான் கொடுத்தார் என்று பிற்பாடு தெரிந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. இன்னொருத்தன் யூடியூபில் கானா சேனல் வைத்திருப்பவன். வீடியோவை இலவசமாக எடுத்துத் தருகிறேன் என்று மூன்று கேமராவோடு வந்தான். இலவசம் என்றதும் நானும் வாயைப் பிளந்தேன்.

பேனர் இன்னொரு கூத்து. பெரிய மனுஷன் முகம் ஒரு ஆள் உயரத்துக்கு. எங்கள் முகங்கள் வரிசையாக, ஆளுக்கொரு கூலிங் கிளாஸ். யாருக்காகப் பாடுகிறோமோ அவன் போட்டோ மூலையில் தபால்தலை அளவுக்கு, சுற்றிலும் வெள்ளைப் புறா, கீழே ஒரு குத்துவிளக்கு. பேனர் போட்டுக் கொடுத்த பையன் எங்களுக்கு எப்போதும் கண்ணீர் அஞ்சலி பேனர் போடுகிறவன். பழக்க தோஷத்தில் அதே விளக்கை ஏற்றிவிட்டான். ஜெயிலில் இருக்கிறவன் பெண்டாட்டி ஹாலுக்குள் நுழைந்ததும் அதைத்தான் பார்த்தாள்.

"அண்ணா, அந்த வெளக்க மட்டும் கொஞ்சம் மறைச்சிடுங்கண்ணா. அது உசுரோட கீது."

அது என்று அவள் சொன்னது புருஷனை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி விளக்குக்கு முன்னால் வைத்தோம். அவ்வளவுதான் எங்களால் முடிந்தது. எங்களுக்குச் செத்தவனுக்குச் செய்யத் தெரியும், உயிரோடு இருக்கிறவனுக்குச் செய்யத் தெரியாது. அப்போதே அது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கச்சேரி ஆரம்பித்தது. காதல் பாட்டு ஒன்று, கடல் பாட்டு ஒன்று. கூட்டம் நன்றாகத்தான் வந்திருந்தது, ஆனால் சவம் மாதிரி உட்கார்ந்திருந்தது. பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முன்வரிசையில், கஞ்சி போட்ட புடவையில், கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நடுவில் பெரிய மனுஷன் மைக்கை வாங்கி அவளை மேடைக்குக் கூப்பிட்டார். அவள் வர மாட்டேன் என்று தலையாட்டினாள். இரண்டு பேர் போய்க் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். அவர் ஒரு கவரை அவள் கையில் கொடுப்பது போல நீட்டி, கேமராக்காரன் சரி என்று சொல்லும்வரை கவரை விடாமலே பிடித்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு நுனி, அவர் ஒரு நுனி. நான் பக்கத்தில் நின்று கை தட்டினேன். எல்லோரும் தட்டினார்கள், நானும் தட்டினேன்.

உண்டியலாக வைத்திருந்தது ஒரு மீன் பெட்டி. மூடியில் ஓட்டை போட்டு மஞ்சள் துணி சுற்றியிருந்தோம். ஐந்தரை மணிக்கு எட்டிப் பார்த்தேன். அடி தெரிந்தது. இத்தனை பேர் வந்தும் ஜாமீனுக்குப் பத்தாது. பயம் வந்தது எனக்கு. உண்மையிலேயே அவனுக்காகத்தான் பயந்தேன், அதை மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடுத்துப் பாட வேண்டியது நான். அம்மா பாட்டு என்று முடிவு செய்து வைத்திருந்தேன். மேடையேறிக் கூட்டத்தைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை. இந்தக் கூட்டத்தை அம்மா பாட்டு எழுப்பாது என்று எனக்குத் தெரியும். எது எழுப்பும் என்றும் தெரியும். டோலக்கில் வேறு ஒருத்தன் உட்கார்ந்திருந்தான், ஓங்கி அடி என்று அவனுக்குக் கண் காட்டினேன். யோசித்துப் பாடவில்லை. வாய் தானாகப் பிடித்துக்கொண்டு போனது.

எர்ணாவூரு ரோட்டுல எறங்குனான்டா சிங்கம்
எதுக்க வந்த காக்கிக்கு ஆயிப்போச்சு பங்கம்
ஜீப்பு கண்ணாடி ஆச்சு ஜல்லு ஜல்லு
என் தோஸ்து கையிலதான்டா மொத கல்லு

ஹால் எழுந்து நின்றது. இதற்கு மேல் எப்படிச் சொல்வது. விசில், கூச்சல், நாற்காலி மேல் ஏறிக்கொண்டு ஆட்டம். ஒன்ஸ்மோர் என்று கத்தினார்கள். நான் மறுபடி பாடினேன், மூன்றாம் தடவையும் பாடினேன். மூன்றாம் தடவை கடைசி வரிக்குக் கல் எறிவது போலக் கையை வேறு ஓங்கினேன். ஜனங்கள் வரிசையாக வந்து மீன் பெட்டியில் நோட்டைத் திணித்தார்கள். பெரிய மனுஷன் தன் கழுத்துத் துண்டை எடுத்து எனக்குப் போட்டார். கேமராக்காரன் மூன்று கேமராவையும் என் பக்கம் திருப்பினான். கிட்டத்தட்ட ஒரு மாதமாக நான் சரியாகத் தூங்கியிருக்கவில்லை, அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு அவன் ஜெயிலில் இருப்பதே மறந்துவிட்டது.

அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. புருஷன் பெருமையைக் கேட்டுத்தான் கலங்குகிறாள் என்று நினைத்தேன். இப்போது அதை நினைத்தால் என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கீழே இறங்கியதும் என் கையைப் பிடித்தாள்.

"இன்னாண்ணா இப்டி பாடிட்ட? அது கல்லு வுட்லயேண்ணா."

"பாட்டும்மா அது. பாட்டுல அப்டித்தான் வரும். பொட்டி ரொம்பிச்சா இல்லியா, பாரு."

பெட்டி நிரம்பியிருந்தது. கட்ட வேண்டியதுக்கு மேலேயே கொஞ்சம் இருந்தது. மறுநாள் அதை வக்கீலம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து, நான் ஏதோ சாதித்தவன் மாதிரி ஐஸ் கம்பெனியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். பாட்டு விஷயத்தை வக்கீலம்மாவிடம் நான் சொல்லவில்லை. யூடியூப்காரன் ஊருக்கே சொன்னான். வீடியோவுக்கு அவன் வைத்த தலைப்பில் சிங்கம் இருந்தது, சிறை இருந்தது, ஜீப் கண்ணாடி உடைகிற சத்தம்கூட எங்கிருந்தோ எடுத்துச் சேர்த்திருந்தான். இரண்டே நாளில் காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிற இடத்தில்கூட என் பாட்டு ஓடியது. மொத கல்லு, மொத கல்லு என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் வக்கீலம்மா போன் செய்தார். திட்டவில்லை. நீங்களா எழுதினீங்க என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டார்.

ஜாமீன் மனு வந்த அன்று நானும் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். கடைசி பெஞ்சில் அவளுக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்தேன். எங்கள் வக்கீலம்மா எழுந்து, இவர் சாது, இதுவரை ஒரு கேஸும் கிடையாது, இசைக் கலைஞர் என்றெல்லாம் சொன்னார். அவர் முடித்ததும் அரசு வக்கீல் எழுந்தார். கையில் ஒரு காகிதம். ரேஷன் கடையில் பேர் வாசிக்கிற குரலில், ராகம் இல்லாமல், தாளம் இல்லாமல், என் நாலு வரியையும் வாசித்தார். எர்ணாவூரு ரோட்டுல எறங்குனான்டா சிங்கம். கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை, யாரும் கை தட்டவில்லை. இவருடைய நெருங்கிய நண்பரே முதல் கல் இவர் கையிலிருந்துதான் வந்தது என்று பொது மேடையில் பாடியிருக்கிறார், ஜனங்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்திருக்கிறார்கள், இவரை வெளியே விட்டால் பொது அமைதி என்னாவது என்று கேட்டார். எங்கள் வக்கீலம்மா அது வெறும் பாட்டு, கற்பனை என்றார். நீதிபதி கொஞ்ச நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனு தள்ளுபடி ஆனது.

அதே வாரம் ஜெயிலுக்குள்ளேயே குண்டாஸ் ஆணையைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வருஷம்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவனுக்குத்தான் வாயே கிடையாதே. என் வாயால் கெட்டான்.

குண்டாஸ் போட்டால் காரணங்களையெல்லாம் அச்சடித்து ஒரு கட்டாகக் கொடுப்பார்களாம். அவன் பெண்டாட்டி அதன் நகலை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ஐஸ் கம்பெனிக்கு வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, எந்தப் பக்கம் என்னவென்று கேட்க வந்திருந்தாள். நான் புரட்டினேன். நடுவில் ஒரு பக்கம் முழுக்க என் பாட்டு. வரிக்கு வரி, எழுத்துப் பிழை இல்லாமல், ஓரத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்போடு. இத்தனை வருஷம் பாடியதில் என் பாட்டு ஒன்று அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை.

"இதுல இன்னாண்ணா எய்திகீது?" என்று அந்தப் பக்கத்தைக் காட்டிக் கேட்டாள்.

சொன்னேன். வேறு என்ன செய்ய. அவள் கத்துவாள், சட்டையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். பிடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, கொட்டகையில் வேலை இருக்கிறது என்று போய்விட்டாள்.

வக்கீலம்மா ஒரு வழி சொன்னார். ஹைகோர்ட்டில் மனு போடலாம், அதற்கு நான் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவன் கல் எறிந்ததை நான் பார்க்கவில்லை, அந்த இடத்திலேயே நான் இல்லை, கை தட்டலுக்காகப் பொய்யாகப் பாடினேன் என்று. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நான் இரண்டு நாள் யோசித்தேன். என் மேலும் கேஸ் போடுவார்களோ என்று யோசித்தேன். பாட்டெல்லாம் பொய் என்று நானே கையெழுத்துப் போட்டால் நாளைக்கு எந்தச் சாவு வீட்டில் என்னைக் கூப்பிடுவார்கள் என்றுகூட யோசித்தேன். இதைச் சொல்லாமல் விட்டுவிட்டுப் பெரிய மனுஷனைத் திட்டினால் நானும் அவரும் ஒன்றுதான். மூன்றாம் நாள் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் யூடியூப்காரனைத் தேடிப் போனேன். வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன். அவன் வாசலுக்கே வந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"எத்துட்டா மட்டும் இன்னா மாமு, கோர்ட்ல காப்பி கீதே. இப்பதான் நல்லா ஓடிக்கினுகீது. உன் மூஞ்சியும்தான ஊரு பூரா தெரிது? கம்முனு இரு நைனா."

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம். அவனை அடிக்கக் கை எழுந்தது. ஆனால் அவன் சொன்னதில் பாதி சரி, அதனால் அடிக்காமல் திரும்பினேன். உண்மை, அந்த வீடியோவால் எனக்கு வேலை கூடியிருந்தது. சாவு வீடுகளில் அந்தப் பாட்டையே கேட்டார்கள். மணலிப் பக்கம் ஒருத்தன், சர்க்கரை வியாதியில் செத்துப்போன தன் சித்தப்பா பெயரைப் போட்டு மொத கல்லு பாடச் சொன்னான். மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டேன். என்கூட வந்தவன் உட்கார்ந்து பாடினான்.

ஜாமீனுக்கென்று கட்டிய காசு கோர்ட்டிலேயே முடங்கிக் கிடந்தது, ஹைகோர்ட் செலவுக்கு மறுபடி காசு வேண்டியிருந்தது. மறுபடி அதே டீக்கடையில் கூடினோம். மறுபடி கச்சேரி என்றார்கள். எந்தப் பாட்டு வைக்கலாம் என்று பேச்சு வந்தது. எங்களில் மூத்த பாட்டுக்காரர் ஒருத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"தப்பா நெனச்சிக்காத. அந்தப் பாட்டுக்குத்தான் துட்டு வியுது. அத்த வுட்டா ஜனம் வராது."

பெரிய மனுஷனின் ஆள் ஒருத்தன் அதற்குத் தலையாட்டினான். யாரும் எழுந்து அவர்களைக் கன்னத்தில் அறையவில்லை. எழுந்து சாக்கடை ஓரம் போய் நின்றேன். பத்து பதினைந்து பேர், எல்லோரும் அவன் தாளத்துக்குப் பாடியவர்கள், அவன் மேல் உண்மையாகவே பாசம் உள்ளவர்கள், அவனை உள்ளே தள்ளிய பாட்டை வைத்தே அவனை வெளியே எடுக்கலாம் என்று உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து, அந்தப் பாட்டு கிடையாது, கச்சேரியும் கிடையாது, வீடு வீடாகப் போய்க் கேட்போம் என்றேன். வீடு வீடாகப் போக என்னோடு வந்தவர்கள் இரண்டு பேர். நாலு தெரு ஏறி இறங்கினோம். கொடுத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. பாதி வீட்டில் கொடுத்துவிட்டு, அந்தப் பாட்டை ஒரு தபா பாடுண்ணா என்றார்கள்.

ஹைகோர்ட்டில் மனு இன்னும் நிற்கிறது. தேதி வருகிறது, தள்ளிப் போகிறது. இதற்கிடையில் ஒரு நாள் அவனைப் பார்க்கப் புழல் ஜெயிலுக்குப் போனேன். அதுவரை போகாமல் ஏதேதோ சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவள் தன் முறையை எனக்குக் கொடுத்தாள்.

"நீ போயிட்டு வாண்ணா, அது உன்னக் கேட்டுகினே கீது."

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றான். இளைத்திருந்தான். இரண்டு பக்கமும் ஆட்கள் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவன் அங்கேயும் சத்தமாகப் பேசவில்லை, நான் காதை வலையில் ஒட்டவைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. சாப்பாடு பரவாயில்லை என்றான். விரல்தான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, தட்டில் தட்டிக்கொண்டிருக்கிறேன் என்றான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிச்சிடு என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவனே பேசினான்.

"உள்ள என்ன யாரும் பேர் சொல்லிக் கூப்புட்றதில்ல மாமு. மொத கல்லுன்னுதான் கூப்புட்றாங்கோ. நல்லாத்தான் பாத்துக்கிறாங்கோ. படுக்க எடம் குட்த்துகிறாங்கோ, என் தண்ணிய யாரும் எத்துக்கறதில்ல. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வந்து கை குட்த்துட்டுப் போறாங்கோ. வெளிய வந்தா எங்களாண்ட வந்துருன்றாங்கோ. இல்லண்ணா, நான் வுட்லண்ணான்னு சொல்லிப் பாத்தேன். சிரிக்கிறாங்கோ. பாட்டே வந்துக்கீது, அப்பால இன்னாடா பொய் சொல்றன்றாங்கோ."

காவலர் நேரமாகிவிட்டது என்று தட்டினார். அவன் வலைக்குக் கிட்டே வந்தான்.

"ஒண்ணே ஒண்ணு மாமு. அடுத்த தபா பாடும்போது, நான் கல்லு வுட்லன்னு ஒரு வரி போட்டு வுடு. உன் வாயால வந்தா நம்புவாங்கோ."

போடுகிறேன் என்றேன். அவன் திரும்பி உள்ளே போனான். நான் வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றேன். நின்றபடியே அந்த வரியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். என் தோஸ்து கல்லு வுடல. டோலக்கைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். இந்த வரிக்கு எவன் கை தட்டுவான் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.